பழைய வீட்டுக் கணினிக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு? 75 வாட் கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும்

சென்னை ரிச்சி தெருவில் தொடங்கி மாவட்டத் தலைநகரக் கடைகள் வரை, அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்.பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் பெட்டிகள் இன்று பல வீடுகளுக்கு வந்துவிட்டன. உள்ளே இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், போர்டோடு சேர்ந்த ஹெச்.டி 4600 கிராபிக்ஸ். பள்ளிப் பாடம், டேலி, பிரவுசர் எல்லாம் ஓடுகிறது. 4கே வீடியோ திக்குகிறது, விளையாட்டு ஓடவில்லை, எடிட்டிங் மென்பொருள் முரண்டு பிடிக்கிறது என்னும்போது 'ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டால் போதுமே' என்ற பேச்சு வருகிறது.

எந்தக் கார்டு என்று கேட்பதற்கு முன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, எஸ்.எம்.பி.எஸ் (கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். இந்த வகைக் கணினியில் கார்டைத் தேர்ந்தெடுப்பது அந்த லேபிள்தான். உங்கள் பட்ஜெட்டுக்கு இரண்டாம் இடம்.

கார்டு வாங்காமலே தீரக்கூடியவை

போர்டு கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது; கணினியின் ராமையே பங்கு போட்டுக்கொள்கிறது. டி.டி.ஆர் 3, 1600 வேக ராம் ஒரே குச்சியாக இருந்தால் நொடிக்கு 12.8 ஜிபி தரவுதான் போய்வரும். இரண்டு குச்சிகளாக, இரண்டு சேனலிலும் இருந்தால் 25.6 ஜிபி. கடைக்காரர் 8 ஜிபியை ஒரே குச்சியாகப் போட்டுக் கொடுத்திருந்தால், ஹெச்.டி 4600 பாதிப் பாதையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இன்னொரு 8 ஜிபி குச்சியைச் சேர்ப்பதுதான் இருப்பதிலேயே மலிவான கிராபிக்ஸ் மேம்பாடு. சேர்த்தபின் சி.பி.யு-இசட் மென்பொருளில் மெமரி பக்கத்தைத் திறந்து, சேனல் என்ற இடத்தில் 'டூயல்' என்று வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் குச்சியைத் தவறான ஸ்லாட்டில் செருகியிருக்கிறீர்கள். டெல் போர்டுகளில் வெள்ளைத் தாழ்ப்பாள் உள்ள இரண்டு ஸ்லாட்டுகளும் முதல் ஜோடி.

4கே மானிட்டர் வாங்கியபின் மவுஸ் அம்புக்குறி இழுத்து இழுத்து நகர்கிறது என்பது இன்னொரு புகார். ஹெச்.டி 4600-இன் ஹெச்.டி.எம்.ஐ 4கே-யில் 30 ஹெர்ட்ஸைத் தாண்டாது. அதே சிப் டிஸ்ப்ளேபோர்ட் வழியாக 60 ஹெர்ட்ஸ் தரும். ஆப்டிபிளெக்ஸ் 9020-இன் பின்புறம் இரண்டு டிஸ்ப்ளேபோர்ட் இருக்கின்றன. கேபிளை மாற்றினாலே போதும், கார்டு வேண்டியதில்லை.

யூடியூப் திக்குவதற்குக் காரணம் வேறு. இந்தத் தலைமுறை இன்டெல் கிராபிக்ஸ் ஹெச்.264 போன்ற பழைய வடிவ வீடியோவைத்தான் வன்பொருளில் பிரிக்கும் (டிகோட் செய்யும்). யூடியூப் அனுப்புவதோ வி.பி9 அல்லது ஏ.வி1 என்னும் புதிய வடிவம். அந்த வேலை முழுவதும் பிராசசர் தலையில் விழுகிறது. 1080பி வரை நான்கு கோர் ஐ5 தாக்குப்பிடிக்கும். 4கே 60 ஃபிரேமில் மூச்சு வாங்கும். ஹெச்.264 மட்டும் கேட்கச்சொல்லும் பிரவுசர் நீட்டிப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. யூடியூபில் ஹெச்.264 1080பி-யோடு நின்றுவிடும். உங்கள் மானிட்டரே 1080பி என்றால் அதில் இழப்பு எதுவும் இல்லை.

இவற்றால் தீராத ஒரு குறையும் உண்டு. பாதுகாப்புக் காரணத்துக்காக இன்டெல் தன் பிந்தைய டிரைவர்களில் நான்காம் தலைமுறை கிராபிக்ஸுக்கு, விளையாட்டுகள் கிராபிக்ஸோடு பேசப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் 12-ஐ நிறுத்திவிட்டது. அதைக் கேட்கும் விளையாட்டோ மென்பொருளோ திறக்கக்கூடத் திறக்காது. அங்கேதான் தனிக் கார்டு பற்றி யோசிக்க வேண்டும்.

75 வாட் ஏன் கோடு ஆகிறது

போர்டில் கார்டைச் செருகும் பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்16 ஸ்லாட் ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் தரலாம். அதில் 66 வாட் 12 வோல்ட் பாதையில் வருவது. அதற்கு மேல் குடிக்கும் கார்டுக்கு எஸ்.எம்.பி.எஸ்-இலிருந்து நேரடியாக 6 பின் அல்லது 8 பின் வயர் வேண்டும். 6 பின் 75 வாட், 8 பின் 150 வாட் என்பது கணக்கு. அலுவலகப் பெட்டிகளின் எஸ்.எம்.பி.எஸ்-இல் பொதுவாக அந்த வயரே இருக்காது.

ஆப்டிபிளெக்ஸ் 9020 டவரில் 290 வாட், அதன் சிறிய வடிவத்தில் 255 வாட். எலைட்டெஸ்க் 800 ஜி1 டவரில் 320, சிறியதில் 240. ஐ5-4570 பிராசசரின் வெப்பக் கணக்கு 84 வாட். போர்டு, ராம், டிஸ்க், விசிறிகளுக்கு 40 முதல் 50 வரை வையுங்கள். அதோடு 75 வாட் கார்டு சேர்ந்தால் ஏறக்குறைய 210. 290 வாட் எஸ்.எம்.பி.எஸ் இதை நிம்மதியாகச் சுமக்கும். 255 வாட்டும் சுமக்கும், கொஞ்சம் சூடாக.

கோட்டைத் தாண்டவேண்டும் என்றால் எஸ்.எம்.பி.எஸ்-ஐயே மாற்ற வேண்டும். சிக்கல் அங்கேதான். சாதாரண எஸ்.எம்.பி.எஸ் 24 பின் இணைப்போடு வரும். டெல்லின் இந்தத் தலைமுறை போர்டு 8 பின் கேட்கிறது, லெனோவா 14 பின், ஹெச்.பி 6 பின். இடையே ஒரு மாற்றி வயர் போட வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி பின் வரிசை வேறு என்பதால், மாடல் எண்ணைச் சொல்லி வாங்காத மாற்றி வயர் போர்டையே எரித்துவிடலாம். சிறிய வடிவப் பெட்டியில் சாதாரண அளவு எஸ்.எம்.பி.எஸ் உள்ளேயே போகாது; அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இதற்குக் குறுக்கு வழி என்று சாட்டா இணைப்பிலிருந்து 6 பின்னுக்கு மாற்றும் வயரைக் கடையில் நீட்டுவார்கள். வேண்டாம். சாட்டா இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், பின் ஒன்றுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். 6 பின் கார்டு 75 வரை இழுக்கும். பிளாஸ்டிக் உருகுவதும் புகைவதும் அதனால்தான்.

புது கேபினெட்டோடு 'இலவசமாக' வரும் 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்-ஐயும் ஸ்டிக்கரைப் பார்த்து நம்பாதீர்கள். லேபிளில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று தேடி 12-ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றிருந்தால் கிராபிக்ஸுக்கும் பிராசசருக்கும் சேர்த்துக் கிடைப்பது 192 வாட்தான். பெரிய எழுத்தில் 450 என்று போட்டிருப்பது அலங்காரம்.

கோட்டுக்கு உட்பட்ட கார்டுகள்

ஜி.டி 710. 19 வாட், 192 கோர், 64 பிட் டி.டி.ஆர் 3 நினைவகம். இன்றும் கடைகளில் '2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு' என்று விற்கப்படுகிறது. ஹெச்.டி 4600-ஐவிடச் சொல்லிக்கொள்ளும்படி வேகம் கிடையாது, வி.பி9 வீடியோவைப் பிரிக்கவும் தெரியாது. என்விடியா 2021-இலேயே இந்தக் குடும்பத்துக்கான வழக்கமான டிரைவர்களை நிறுத்திவிட்டது. போர்டு கிராபிக்ஸ் செத்துப்போன கணினிக்குப் படம் வரவைக்கவோ, பழைய வி.ஜி.ஏ மானிட்டர் ஒன்றைக் கூடுதலாக மாட்டவோ மட்டும் இதை வாங்கலாம்.

ஜி.டி 1030-ஐ வாங்கும்போது கவனமாக இருங்கள். இந்தப் பெயரில் இரண்டு கார்டுகள் இருக்கின்றன. 2017-இல் வந்தது ஜி.டி.டி.ஆர் 5 நினைவகம், நொடிக்கு 48 ஜிபி. மறு ஆண்டு அதே பெயரில் டி.டி.ஆர் 4 நினைவகத்தோடு இன்னொன்றை விட்டார்கள், அதில் 16.8 ஜிபி. பல விளையாட்டுகளில் பிந்தையது முந்தையதின் பாதி ஃபிரேம்தான் தரும். பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும் நினைவக வகையைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள். நல்ல வகை 30 வாட், பெரும்பாலும் விசிறியே இல்லாத, சிறிய பெட்டிக்கான குட்டைப் பின்புறத் தகடு மாட்டக்கூடிய கார்டு. வி.பி9, ஹெச்.இ.வி.சி இரண்டையும் வன்பொருளில் பிரிக்கும், ஹெச்.டி.எம்.ஐ வழியாக 4கே 60 ஹெர்ட்ஸ் தரும். டி.வி-யோடு இணைத்துப் படம் பார்க்கும் கணினிக்கு இது போதும். வீடியோவை எழுதும் (என்கோட் செய்யும்) என்விஎன்க் வன்பொருள் இதில் இல்லை என்பதால் எடிட்டிங் ஏற்றுமதிக்கும் ஓ.பி.எஸ் மென்பொருள் வழி நேரலை ஒளிபரப்புக்கும் உதவாது.

ஜி.டி.எக்ஸ் 1050 டி.ஐ. 2016-இல் வந்தது, 768 கோர், 4 ஜிபி, 75 வாட். ஓவர்கிளாக் செய்யப்பட்ட சில வகைகளைத் தவிர மற்றவற்றுக்குத் தனி வயர் வேண்டாம். பல ஆண்டுகளுக்கு இந்தப் பழைய பெட்டிகளுக்கென்றே செய்ததுபோல் இருந்தது. ஆனால் இந்தக் கார்டு சேர்ந்த பாஸ்கல் குடும்பத்துக்கு வழக்கமான டிரைவர்கள் 2025 அக்டோபரோடு முடிந்தன. 2028 அக்டோபர் வரை காலாண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் என்று என்விடியா அறிவித்திருக்கிறது. 1030-க்கும் இதே கதிதான். லினக்ஸில் 580 வரிசை டிரைவரே இவற்றுக்குக் கடைசி.

ஜி.டி.எக்ஸ் 1650, 2019-இல் வந்த டூரிங் குடும்பம், 896 கோர். டிரைவர் ஆதரவு நிற்கவில்லை என்ற ஒரு காரணமே 1050 டி.ஐ-யைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து இதை வாங்கப் போதும். இதிலும் ஜி.டி.டி.ஆர் 5 (நொடிக்கு 128 ஜிபி), ஜி.டி.டி.ஆர் 6 (நொடிக்கு 192 ஜிபி) என இரு வகை, பின்னதைக் கேளுங்கள். இந்தக் கார்டில் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு: 75 வாட்தான் என்றாலும் பல கம்பெனிகள் வேகத்தைச் சற்றே ஏற்றி 6 பின் சாக்கெட் வைத்திருக்கிறார்கள். அந்தச் சாக்கெட்டைக் காலியாக விட்டால் கார்டு இயங்காது. படத்தில் கார்டின் மேல்விளிம்பைப் பார்த்து, சாக்கெட் இல்லாததை எடுங்கள்.

ஆர்.எக்ஸ் 6400 காகிதத்தில் அழகானது. 53 வாட், தனி வயர் வேண்டாம், ஒற்றை ஸ்லாட் அகலம், குட்டை உயரம். சிறிய வடிவப் பெட்டிக்கு இதைவிடப் பொருந்தும் உருவம் குறைவு. குறை எங்கே என்றால், போர்டோடு பேச நான்கு லேன்கள் (தரவுப் பாதைகள்) மட்டுமே வைத்திருக்கிறது. பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் 4.0 போர்டில் அது நொடிக்கு ஏறக்குறைய 8 ஜிபி; உங்கள் நான்காம் தலைமுறை போர்டின் 3.0-இல் 4 ஜிபி. ஐ5-2400 போன்ற இரண்டாம் தலைமுறையின் 2.0-இல் வெறும் 2 ஜிபி. கார்டின் 4 ஜிபி நினைவகம் நிரம்பி வழியும் கணத்தில் எல்லாத் தரவும் இந்தக் குறுகிய சந்து வழியாகத்தான் வர வேண்டும். படம் அப்போது நின்று நின்று ஓடும். பழைய கணினிக்குப் பொருந்தும் உருவத்தோடு புதிய கணினியில் மட்டும் நன்றாக ஓடும் கார்டைச் செய்து வைத்திருக்கிறார்கள். வீடியோ எழுதும் வன்பொருளும் இதில் இல்லை, ஏ.வி1 பிரிப்பதும் இல்லை. லினக்ஸ் பயனாளர்களுக்கு மட்டும் ஓர் ஆறுதல்: ஏ.எம்.டி டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, எதையும் தனியாக நிறுவ வேண்டாம்.

ஆர்.டி.எக்ஸ் 3050, 6 ஜிபி வகை. 2024 பிப்ரவரியில் வந்தது. 70 வாட், 2304 கோர், எட்டு லேன். 3.0 போர்டில் எட்டு லேன் என்றால் நொடிக்கு 8 ஜிபி, அது போதும். ஏ.வி1 வீடியோவைப் பிரிக்கும், என்விஎன்க் இருக்கிறது, குறைந்த அளவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கி ஃபிரேமைக் கூட்டும் டி.எல்.எஸ்.எஸ் இருக்கிறது. ஸ்லாட் மின்சாரத்திலேயே ஓடும் புதிய கார்டுகளில் இந்தக் கணினிக்கு எல்லாவகையிலும் பொருந்துவது இது. எம்.எஸ்.ஐ, ஜிகாபைட் இரண்டும் குட்டை உயர வகையும் செய்கின்றன. கேட்கும்போது 6 ஜிபி என்று அழுத்திச் சொல்லுங்கள்: பழைய 8 ஜிபி 3050 வேறு கார்டு, 130 வாட், அதற்குத் தனி வயர் வேண்டும். நினைவகம் அதிகமாக இருக்கிறதே என்று 8 ஜிபியை வாங்கி வந்து மாட்ட முடியாமல் திரும்பிப் போவது அடிக்கடி நடக்கும் கூத்து.

இன்டெல் ஆர்க் ஏ310, ஏ380 இரண்டையும் இந்தக் கணினிக்கு விட்டுவிடலாம். அவை நன்றாக ஓட, கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் அணுக விடும் ரீசைசபிள் பார் என்னும் வசதி போர்டில் இருக்க வேண்டும். இன்டெல் பத்தாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரையே பரிந்துரைக்கிறது.

கோட்டைத் தாண்டினால்

ஆர்.எக்ஸ் 580 (185 வாட்), ஆர்.எக்ஸ் 6600 (132 வாட்) இரண்டும் கோட்டைத் தாண்டியவை; 6600 மேலே சொன்ன எல்லாவற்றையும்விட வேகமானது. 6600-இன் 8 ஜிபி நினைவகமும் கவர்ச்சிதான். ஆனால் அவற்றோடு நல்ல எஸ்.எம்.பி.எஸ், மாற்றி வயர், சில சமயம் புது கேபினெட் என்று செலவு தொடர்கிறது. இவ்வளவும் செய்தபின் நான்கு கோர், நான்கு திரெட் ஐ5 வழிமறிக்கும். கவுண்டர் ஸ்டிரைக் 2 போன்ற பிராசசர் சார்ந்த விளையாட்டில் கார்டு பாதி நேரம் சும்மா இருக்கும். சராசரி ஃபிரேம் நன்றாகத் தெரிந்தாலும் நடுநடுவே வெட்டும். அதே சாக்கெட்டில் ஐ7-4770 போட்டால் எட்டு திரெட் கிடைத்து வெட்டு குறையும். அந்தச் செலவையும் கூட்டிப் பாருங்கள். எட்டாம் தலைமுறை ரீஃபர்பிஷ்டு டவர் ஒன்றின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எட்டாம் தலைமுறைக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடைக்கும், நான்காம் தலைமுறைக்குக் கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. எந்த கிராபிக்ஸ் கார்டும் அந்தத் தேதியை மாற்றாது.

உங்களிடம் இருப்பது மூன்றாம் தலைமுறை அல்லது அதற்கு முந்தையது என்றால் இன்னொரு சுவர்: ஏ.வி.எக்ஸ்2 கட்டளைகள் அந்தப் பிராசசர்களில் இல்லை. அவற்றைக் கேட்கும் விளையாட்டு எந்தக் கார்டு போட்டாலும் திறக்காது. பழைய பயோஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் போர்டு மென்பொருள்) மட்டும் உள்ள 2010 வாக்கிலான போர்டுகளில் புதிய கார்டு மாட்டியபின் திரையே கறுப்பாக நிற்பதும் உண்டு. அவற்றுக்கு ஜி.டி 1030-ஐத் தாண்டி யோசிக்காமல் இருப்பது நல்லது.

ஆக, படம் பார்க்க மட்டும் என்றால் ஜி.டி.டி.ஆர் 5 உள்ள ஜி.டி 1030. ஜி.டி.ஏ 5, வேலரன்ட் வகையறா விளையாட்டுகளைக் குறைந்த செலவில் ஆட, சாக்கெட் இல்லாத செகண்ட்ஹேண்ட் ஜி.டி.எக்ஸ் 1650. வேலரன்டுக்குத்தான் கார்டு என்றால் அதை விண்டோஸ் 10-இலேயே ஆட வேண்டியிருக்கும். விண்டோஸ் 11-இல் அது டி.பி.எம் 2.0, செக்யூர் பூட் என்னும் பாதுகாப்பு வசதிகள் இரண்டும் கேட்கிறது. எடிட்டிங், ஒளிபரப்பு, அல்லது இரண்டு ஆண்டில் கணினியை மாற்றி கார்டை மட்டும் கூடவே கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் ஆர்.டி.எக்ஸ் 3050 6 ஜிபி. விலை ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் அன்றைக்கே இரண்டு கடையில் கேளுங்கள். கார்டின் விலை கணினியின் மறுவிற்பனை விலையைத் தாண்டினால், மூன்றாவது நோக்கம் இல்லாதவரை வாங்க வேண்டாம்.

அளவு, வாய்கள்

டவரில் கவலை குறைவு. டிஸ்க் கூண்டு வரை உள்ள நீளத்தை அளந்துகொண்டால் போதும். சிறிய வடிவப் பெட்டியில் குட்டை உயரக் கார்டு, கார்டின் அட்டைப்பெட்டிக்குள் குட்டைத் தகடு இரண்டும் வேண்டும். பழைய கார்டுகளில் அந்தத் தகடு தொலைந்தே வரும். சில மாடல்களில் எக்ஸ்16 ஸ்லாட் எஸ்.எம்.பி.எஸ்-ஐ ஒட்டியே இருப்பதால் இரட்டை ஸ்லாட் அகலமுள்ள கார்டு இறங்காது. அதற்கு அருகிலேயே எக்ஸ்16 நீளத்தில் நான்கு லேன் மட்டும் உள்ள இன்னொரு ஸ்லாட் இருக்கலாம். கார்டு அதில் உட்காரும், ஆனால் வேகம் குறையும். மிகச் சிறிய மைக்ரோ வகைகளில் ஸ்லாட்டே கிடையாது.

வி.ஜி.ஏ மானிட்டர் வைத்திருப்பவர்கள் இன்னும் ஏராளம். 1030 முதல் 3050 வரை எதிலும் வி.ஜி.ஏ கேட்கும் அனலாக் வெளியீடு இல்லை. வெறும் வயர் மாற்றி வேலை செய்யாது. உள்ளே சிப் உள்ள, ஹெச்.டி.எம்.ஐ-யிலிருந்து வி.ஜி.ஏ-வுக்கு மாற்றும் கருவி தேவை.

இந்த வி.ஜி.ஏ விஷயம் போலியைப் பிடிக்கவும் உதவும். 1050 டி.ஐ என்று சொல்லி வி.ஜி.ஏ வாயோடு ஒரு கார்டு வந்தால் அது போலி. பத்தாண்டுக்கும் மேலான பழைய சிப்பில் பயோஸை மாற்றி எழுதி விற்பார்கள். கடையிலேயே கார்டின் விவரங்களைக் காட்டும் ஜி.பி.யு-இசட் மென்பொருளை ஓட்டச் சொல்லுங்கள். போலிப் பெயர் முன் 'ஃபேக்' என்று காட்டும். கோர் எண்ணிக்கையையும் நினைவக வகையையும் அங்கேயே சரிபாருங்கள். அடுத்து கார்டை முழு வேலையில் வைத்துச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருள் பதினைந்து நிமிடம். வெப்பம் 85 டிகிரிக்கு மேல் ஏறிக்கொண்டே போனாலோ, திரையில் புள்ளிகள், கோடுகள் தெரிந்தாலோ பேரம் பேசாமல் வந்துவிடலாம்.

மாட்டும்போது

முதலில் பயோஸைக் கம்பெனி தளத்தில் உள்ள கடைசிப் பதிப்புக்கு ஏற்றிவிடுங்கள். வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கார்டை பிராசசருக்கு அருகில் உள்ள எக்ஸ்16 ஸ்லாட்டில், தாழ்ப்பாள் 'டிக்' என்று விழும்வரை நேராக அழுத்துங்கள். திருகோ மேல் பூட்டோ போட்டபின் கார்டு ஸ்லாட்டிலிருந்து லேசாக எழும்பியிருக்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். படம் வராத பாதிப் புகார்கள் அங்கேயும், மானிட்டர் கேபிளைப் பழக்கத்தில் போர்டிலேயே செருகிவிடுவதிலும் தீர்ந்துவிடும்.

பயோஸில் மல்டி டிஸ்ப்ளே என்ற விருப்பம் இருந்தால் ஆன் செய்யுங்கள். போர்டு கிராபிக்ஸும் உயிரோடு இருக்கும். அதில் உள்ள, வீடியோ எழுதும் குயிக் சிங்க் வசதியை எடிட்டிங் ஏற்றுமதிக்குப் பயன்படுத்தலாம். என்விஎன்க் இல்லாத 1030-க்கு இது பெரிய உதவி.

டிரைவர் நிறுவியபின் ஜி.பி.யு-இசட்டில் பஸ் இன்டர்ஃபேஸ் வரியைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 1.1 என்று காட்டினால் பதற வேண்டாம்; அது மின்சாரச் சிக்கனம். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் சோதனையை ஓட்டினால் 3.0-க்கு ஏறும். 3050 என்றால் எக்ஸ்8, 1650 என்றால் எக்ஸ்16, 1030 என்றால் எக்ஸ்4 வர வேண்டும். 1650-க்கு எக்ஸ்4 வந்தால் தவறான ஸ்லாட். எக்ஸ்8 வந்தால் கார்டைக் கழற்றி, தங்கப் பூச்சு முனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்தபின் மீண்டும் மாட்டிப் பாருங்கள்.